வீட்டு சர்வருக்கு முன்னால் எதை நிறுத்துவது? கேடி, என்ஜின்எக்ஸ், ட்ராஃபிக், டன்னல்: ஓர் ஒப்பீடு

வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கி வீட்டு சர்வரில் உரிய சேவைக்கு அனுப்பும் மென்பொருள்தான் ரிவர்ஸ் ப்ராக்ஸி. அதற்கு எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். சொல்கிறவர் தன் வீட்டில் ஓடுவதைச் சொல்வார். அவருடைய இணைய லைன் எப்படிப்பட்டது, அந்த சர்வரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைச் சொல்ல மாட்டார். தேர்வைத் தீர்மானிப்பது அந்த இரண்டும்தான். மென்பொருள் அதற்குப் பிறகு.

பேச்சுக்கு ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு வீடு. மினி பிசியோ ராஸ்பெர்ரி பையோ ஒன்று, அதில் டாக்கர் (ஒவ்வொரு சேவையையும் கன்டெய்னர் என்ற தனி உறைக்குள் ஓட்டும் மென்பொருள்). குடும்பப் படங்களுக்கு இம்மிச், 2283 போர்ட்டில் (போர்ட் என்பது ஒவ்வொரு சேவைக்கும் உரிய வாசல் எண்). மோட்டாரும் விளக்கும் பார்க்க ஹோம் அசிஸ்டென்ட், 8123-இல். வீட்டுக்குள்ளேயே ஓடும் மொழி மாடலோடு பேச ஓப்பன் வெப்யுஐ, 3000-இல். மூன்றையும் வெளியிலிருந்து எச்டிடிபிஎஸ் முகவரியில் திறக்க வேண்டும். ரிவர்ஸ் ப்ராக்ஸி 443-இல் நின்றுகொண்டு, வரும் கோரிக்கையின் டொமைன் பெயரைப் பார்த்து உரிய போர்ட்டுக்கு அனுப்பும். எச்டிடிபிஎஸ்-க்கு வேண்டிய சான்றிதழ் வாங்குவது, புதுப்பிப்பது எல்லாம் அந்த ஒரே இடத்தில் முடிந்துவிடும்.

முதலில் லைனைப் பாருங்கள்

ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வான் ஐபி (இணைய நிறுவனம் ரூட்டருக்குக் கொடுத்த முகவரி) என்ன என்று பாருங்கள். பிறகு ஐபி காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து அங்கே என்ன வருகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒன்றானால் உங்களுக்குப் பொது ஐபி இருக்கிறது. வான் ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது ஐபியை நிறுவனம் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறது என்று பொருள். ரூட்டரில் எத்தனை போர்ட் ஃபார்வர்டு எழுதினாலும் வெளியிலிருந்து ஒரு பாக்கெட்கூட வராது. 10 அல்லது 192.168 என்று தொடங்கினால் இரண்டில் ஒன்று: நிறுவனமே நாட் (பல உள் முகவரிகளை ஒரு வெளி முகவரியாக மாற்றுவது) செய்கிறது, அல்லது ஃபைபர் பெட்டி ஒரு நாட், உங்கள் சொந்த ரூட்டர் இன்னொரு நாட் என்று இரட்டையாக நடக்கிறது. பின்னது என்றால் ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொன்னால் தீர்ந்துவிடும். உள்ளூர் கேபிள்காரர் மூலமாக ஃபைபர் வாங்கியவர்கள் அவரிடமே கேட்கலாம். கால் சென்டரில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அது சீக்கிரம் நடக்கும்.

சிஜிநாட் என்றால் நான்கு வழிகள் உண்டு. நிறுவனத்திடம் கட்டணம் கட்டி நிலையான ஐபி வாங்குவது, ஐபிவி6-ஐ (புதிய வகை இணைய முகவரி) நம்புவது, டன்னல் போடுவது (வீட்டிலிருந்து வெளியே செல்லும் இணைப்பு வழியாகவே உள்ளே வருவது), ஒரு சிறிய விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்து வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு (பூட்டிய தனி இணைப்பு) இழுப்பது.

ஐபிவி6 இலவசமாகவே கையில் இருக்கும் வழி, ஆனால் அரைகுறை வழி. பொது முகவரி கிடைக்கும், நாட் கிடையாது. ஆனால் ரூட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் உள்ளே வரும் இணைப்புகளைத் தானாகவே தடுத்து வைத்திருக்கும். அதைத் திறக்கும் இடமே சில ரூட்டர்களில் இருக்காது. லைன் விழுந்து எழுந்தால் முகவரியின் முன்பகுதி மாறலாம், எனவே மாறும் முகவரியை டொமைன் பெயரோடு தானாகப் பொருத்தும் டைனமிக் டிஎன்எஸ் வேண்டும். பார்க்க வருபவரின் நெட்வொர்க்கில் ஐபிவி6 இல்லையென்றால் அவருக்குப் பக்கமே திறக்காது. மொபைல் டேட்டாவில் ஜம்மென்று திறந்த தளம் ஆபீஸ் வைஃபையில் திறக்காததற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

யார் வரப்போகிறார்கள்?

நீங்களும் வீட்டில் இன்னும் இரண்டு பேரும் மட்டும்தான் என்றால் எதையும் பொதுவெளியில் திறக்காதீர்கள். உங்கள் கருவிகளை மட்டும் ஒரு தனி நெட்வொர்க்கில் இணைக்கும் டெயில்ஸ்கேல் போதும். அடியில் வயர்கார்டுதான், சிஜிநாட்டுக்குப் பின்னாலிருந்தும் வேலை செய்யும், உள்ளே வரும் போர்ட் எதுவும் தேவையில்லை. அதன் சர்வ் கட்டளை எச்டிடிபிஎஸ் சான்றிதழையும் வாங்கிக் கொடுத்துவிடும். ரிவர்ஸ் ப்ராக்ஸி என்று தனியாக ஒன்று வேண்டியதே இல்லை.

புதுச்சேரியில் இந்தக் கணக்கு அடிக்கடி தப்பாகிவிடும். பாதிக் குடும்பம் பிரான்ஸில் இருக்கும். எழுபது வயது சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) பெரியப்பாவின் ஃபோனில் டெயில்ஸ்கேல் நிறுவி, கணக்கில் நுழைய வைத்து, பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று ஃபோன் அதை நிறுத்தும்போதெல்லாம் பாரீஸுக்குக் கால் போட்டு விளக்குவது நடக்கிற காரியமில்லை. இம்மிச்சின் பகிர்வு லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர் தட்டியதும் படம் திறக்க வேண்டும். அதற்குப் பொது முகவரிதான் வழி. அவருக்கு மாலை ஏழு மணி என்றால் இங்கே இரவு பத்தரையோ பதினொன்றரையோ ஆகியிருக்கும். ஏதாவது நின்றுபோனால் சரிசெய்ய அந்த நேரத்தில் யாரும் விழித்திருக்கப் போவதில்லை. எனவே தானாக எழுந்து நிற்கும் அமைப்பாக இருக்க வேண்டும்.

கேடி

பொது ஐபி இருக்கிறது, மூன்று நான்கு சேவைகள், சர்வரைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர் என்றால் கேடியை எடுத்துக்கொள்ளுங்கள். தயங்க வேண்டியதில்லை. அமைப்புக் கோப்பில் டொமைன் பெயர், அடைப்புக்குறிக்குள் ரிவர்ஸ் ப்ராக்ஸி என்ற கட்டளை, எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பது. ஒரு சேவைக்கு அவ்வளவுதான். சான்றிதழைத் தானே வாங்கும், தானே புதுப்பிக்கும், 80-இல் வருபவர்களை 443-க்குத் தானே திருப்பும். வெப்சாக்கெட்டுக்கு (திறந்தே இருக்கும் இருவழி இணைப்பு) தனி வரி வேண்டாம். வந்தவர் யார், எச்டிடிபிஎஸ்-இல் வந்தாரா என்று சொல்லும் ஃபார்வர்டட் ஹெடர்களையும் அதுவே சேர்த்துவிடும். ஓப்பன் வெப்யுஐ-யில் பதில் சொல் சொல்லாக வந்து விழுவதற்கும் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். நிகழ்வு ஓடையாக வரும் பதிலை அது தேக்கி வைக்காமல் உடனுக்குடன் தள்ளிவிடும்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டுதான். கேடியை டாக்கரில் ஓட்டுபவர்கள் டேட்டா என்ற அதன் அடைவை நிரந்தர வால்யூமில் வைக்க மறந்துவிடுகிறார்கள். கன்டெய்னரை அழித்து உருவாக்கும் ஒவ்வொரு முறையும் சான்றிதழ் காணாமல் போகும், கேடி புதிதாகக் கேட்கும். ஒரே பெயர்த் தொகுப்புக்கு 7 நாளில் 5 சான்றிதழ்தான் இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் தரும். அமைப்பை மாற்றி மாற்றி விளையாடும் முதல் சனிக்கிழமையிலேயே அந்த ஐந்தும் தீர்ந்துவிடும். சோதனை முடியும் வரை லெட்ஸ் என்கிரிப்டின் ஸ்டேஜிங் முகவரியைப் போட்டு வையுங்கள்.

இரண்டாவது, டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பு. உங்கள் லைனில் 80, 443 இரண்டு போர்ட்டும் அடைக்கப்பட்டிருந்தாலோ எல்லாத் துணை டொமைனுக்கும் பொருந்தும் வைல்டுகார்டு சான்றிதழ் வேண்டுமானாலோ டிஎன்எஸ்-இல் டிஎக்ஸ்டி பதிவு போட்டுத்தான் டொமைன் உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டும். கேடியின் சாதாரண வெளியீட்டில் டிஎன்எஸ் நிறுவனங்களுக்கான இணைப்புகள் கிடையாது. எக்ஸ்கேடி என்ற கருவியால் அந்தச் செருகியோடு சேர்த்து நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும். பத்து நிமிட வேலைதான். ஆனால் அதன்பின் அப்டேட்டை ஏபிடி (லினக்ஸின் மென்பொருள் நிறுவி) பார்த்துக்கொள்ளாது, ஒவ்வொரு பதிப்புக்கும் நீங்களேதான் திரும்பக் கட்ட வேண்டும். பாதுகாப்புப் பதிப்பு வந்தது தெரியாமலே வருடம் ஓடிவிடும் ஆபத்து இதில் உண்டு.

என்ஜின்எக்ஸ்

2004 முதல் இருக்கிறது. எந்தப் பிழைச் செய்தியைத் தேடினாலும் பதில் கிடைக்கும். ஏற்கனவே வேலையில் இதைத் தொட்டவர் என்றால் இதிலேயே இருங்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு இது எதையும் தானாகச் செய்யாது. செய்யாமல் விட்ட ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வெளிப்படும், அதுதான் குழப்பம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அப்லோடு அளவு. க்ளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ் என்பதன் இயல்பு மதிப்பு 1 எம்பி. ஃபோனில் எடுத்த ஒரு படமே 4 எம்பி இருக்கும். இம்மிச் ஆப் 413 பிழையோடு திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும், பயனருக்குச் சுழலும் வட்டம் மட்டுமே தெரியும். மதிப்பை 0 என்று போட்டால் வரம்பு நீங்கிவிடும். அதோடு முடியவில்லை. என்ஜின்எக்ஸ் இயல்பாகக் கோரிக்கை முழுவதையும் தன் தற்காலிகக் கோப்பில் எழுதிவிட்டுத்தான் பின்னால் அனுப்பும். கல்யாண வீடியோ ஒன்று 4 ஜிபி என்றால் அது எஸ்டி கார்டில் ஒரு முறை, இம்மிச்சின் வட்டில் ஒரு முறை என இரு தடவை எழுதப்படும். கார்டில் இடமில்லையென்றால் 500 பிழை. ப்ராக்ஸி ரிக்வெஸ்ட் பஃபரிங் என்பதை ஆஃப் செய்தால் நேராகப் பின்னால் போகும்.

காத்திருப்பு நேரம். ப்ராக்ஸி ரீட் டைம்அவுட் இயல்பாக 60 விநாடி. பின்னாலிருக்கும் சேவையிடமிருந்து 60 விநாடி ஒரு பைட்கூட வரவில்லையென்றால் 504 (காத்திருப்பு நேரம் முடிந்தது) பிழை. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில் மொழி மாடல் நினைவகத்துக்கு ஏறவே அவ்வளவு நேரம் ஆகும். முதல் கேள்வி மட்டும் தோற்று, இரண்டாம் முறை கேட்டால் பதில் வருகிறது என்றால் இதுதான் காரணம். 600 என்று வையுங்கள்.

பஃபரிங். பதில் சொல் சொல்லாக வராமல், நீண்ட மௌனத்துக்குப் பின் மொத்தமாகக் கொட்டுகிறதா? பதிலைத் தேக்கி வைக்கும் ப்ராக்ஸி பஃபரிங் ஆனில் இருக்கிறது. அந்த ஒரு லொக்கேஷனுக்கு (ஒரு பாதைக்கான அமைப்புப் பகுதி) மட்டும் ஆஃப் செய்யுங்கள்.

வெப்சாக்கெட். ஹோம் அசிஸ்டென்டின் லாகின் பக்கம் வரும், கடவுச்சொல்லையும் ஏற்கும், பிறகு இணைப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டே நிற்கும். பின்னால் போகும் இணைப்பு எச்டிடிபி 1.1 ஆக இருக்க வேண்டும், அப்கிரேடு, கனெக்ஷன் என்ற இரண்டு ஹெடர்களையும் நீங்களே கடத்த வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ப்ராக்ஸி செட் ஹெடர் என்ற வரி லொக்கேஷனுக்குள் ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும், சர்வர் பிளாக்கில் எழுதிய மற்ற செட் ஹெடர் வரிகள் எதுவும் அங்கே இறங்காது. வெப்சாக்கெட்டுக்காக இரண்டு வரி சேர்த்ததும் அதுவரை ஒழுங்காகப் போன ஹோஸ்ட் ஹெடரும் ஃபார்வர்டட் ப்ரோட்டோவும் மறைந்துவிடும். தளம் எச்டிடிபிஎஸ்-க்கும் எச்டிடிபிக்கும் இடையே சுற்ற ஆரம்பிக்கும். எல்லா ஹெடர்களையும் ஒரு தனிக் கோப்பில் வைத்து, ஒவ்வொரு லொக்கேஷனிலும் இன்க்ளூட் செய்வதுதான் நிம்மதி.

சாய்கோடு. ப்ராக்ஸி பாஸ் வரியில் போர்ட் எண்ணோடு நிறுத்தினால் வந்த பாதை அப்படியே பின்னால் போகும். கடைசியில் ஒரு சாய்கோடு போட்டால் லொக்கேஷனில் பொருந்திய பகுதி வெட்டப்பட்டு அதற்குப் பதில் சாய்கோடு வரும். ஒரே ஒரு எழுத்துதான், ஆனால் பக்கம் வெள்ளையாகத் திறந்து ஸ்டைலும் ஸ்கிரிப்டும் 404 ஆகும் வழக்குகளில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

பெயர் நினைவு. என்ஜின்எக்ஸும் கன்டெய்னரில் ஓடினால், பின்னாலிருக்கும் கன்டெய்னரின் பெயரை அது தொடங்கும்போது ஒரு முறைதான் ஐபியாக மாற்றிக்கொள்ளும். இம்மிச்சை அப்டேட் செய்து புது கன்டெய்னர் வேறு ஐபியில் எழுந்தால் என்ஜின்எக்ஸ் பழைய ஐபியையே தட்டிக்கொண்டு 502 (பின்னால் இருப்பதை எட்ட முடியவில்லை) காட்டும். ரீலோடு செய்தால் சரியாகிவிடும். நிரந்தரத் தீர்வு, ரிசால்வர் என்று டாக்கரின் உள் டிஎன்எஸ் முகவரியான 127.0.0.11-ஐக் கொடுத்து, ப்ராக்ஸி பாஸில் பெயரை ஒரு மாறியில் வைப்பது.

சான்றிதழுக்குச் செர்ட்பாட் என்ற தனிக் கருவி. அதன் என்ஜின்எக்ஸ் செருகியைப் பயன்படுத்தினால் புதுப்பித்ததும் ரீலோடும் நடந்துவிடும். வெப்ரூட் முறையில் சர்ட்ஒன்லி என்று வாங்கியவர்கள் டிப்ளாய் ஹூக்கில் (புதுப்பித்ததும் ஓடும் இடம்) ரீலோடு கட்டளையைத் தாங்களே எழுத வேண்டும். எழுதாவிட்டால் வட்டில் புதுச் சான்றிதழ் இருக்கும், நினைவகத்தில் பழையதே ஓடும், 90-ஆம் நாள் பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டும். செர்ட்பாட்டைக் கேட்டால் இன்னும் 60 நாள் இருக்கிறது என்று சத்தியம் செய்யும். காலாவதி நெருங்குகிறது என்று முன்பெல்லாம் லெட்ஸ் என்கிரிப்ட் மின்னஞ்சல் அனுப்பும். 2025 ஜூனில் அதையும் நிறுத்திவிட்டார்கள். பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் 2029 மார்ச்சுக்குள் அதிகபட்சம் 47 நாள் என்று சுருங்கப்போகிறது. கையால் ரீலோடு செய்து காலம் தள்ளலாம் என்ற எண்ணம் இனி வேண்டாம்.

இவ்வளவையும் படித்த பிறகும் என்ஜின்எக்ஸ் வேண்டுமா? வேண்டும் என்பவர்கள் உண்டு, நியாயமும் உண்டு. எந்தப் பாதைக்கு எவ்வளவு வேகம், யாருக்கு எத்தனை கோரிக்கை, எதை கேஷில் வைப்பது என்ற நுணுக்கம் இதில் கிடைக்கும் அளவுக்கு மற்றவற்றில் சுலபமாகக் கிடைக்காது.

இதையே பொத்தான்களாக மாற்றித் தருவது என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி மேனேஜர். டெர்மினல் தெரியாதவர் நிர்வகிக்கப்போகிறார் என்றால் இது பரவாயில்லை. ஹோஸ்டைச் சேர்க்கும்போது வெப்சாக்கெட் பொத்தானை மறக்காதீர்கள். இதன் குறை, சான்றிதழ் கிடைக்காவிட்டால் திரையில் இன்டர்னல் எரர் என்று இரண்டு சொல் வரும், அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. காரணம் கன்டெய்னரின் லாகில்தான் இருக்கும். நிர்வாகப் பக்கம் 81 போர்ட்டில். அதை ரூட்டரில் திறந்துவிடும் அளவுக்கு யாரும் போக மாட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். போகிறார்கள்.

ட்ராஃபிக்

கன்டெய்னர்களின் லேபிளைப் படித்துத் தானே வழி அமைத்துக்கொள்ளும். வாரம் இரண்டு சேவையைப் போட்டு எடுத்துக்கொண்டிருப்பவருக்கு இது சொர்க்கம். மூன்றே சேவை, மூன்று வருடமாக அதே மூன்று என்றால் தேவையில்லாத பாரம்.

டாக்கர் சாக்கெட்டை (டாக்கருக்குக் கட்டளை அனுப்பும் வழி) இதற்குக் கொடுக்க வேண்டும். படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்தாலும் டாக்கர் ஏபிஐ முழுவதும் அதன் கைக்குப் போகிறது, ஏனென்றால் அந்தத் தடை கோப்புக்குத்தான், சாக்கெட்டில் அனுப்பும் கட்டளைக்கு இல்லை. இணையத்தை நேராகப் பார்க்கும் நிரலிடம் இதைக் கொடுக்கிறோம் என்பதை உணர்ந்து கொடுங்கள், அல்லது இடையில் ஒரு சாக்கெட் ப்ராக்ஸி வையுங்கள். லேபிள் இல்லாத கன்டெய்னரையும் இயல்பாகவே வெளியில் காட்டிவிடும், எனவே எக்ஸ்போஸ்டு பை டிஃபால்ட் என்பதை முதலிலேயே பொய் என்று மாற்றுங்கள். சான்றிதழ் வைக்கும் ஜேசன் கோப்பின் அனுமதி 600 ஆக இல்லாவிட்டால் சான்றிதழே வாங்காது. ஒரு கன்டெய்னர் இரண்டு நெட்வொர்க்கில் இருந்தால் தவறான ஐபியைத் தேர்ந்து 504 காட்டலாம், எந்த நெட்வொர்க் என்று லேபிளில் சொல்லிவிடுங்கள். பெரிய வீடியோ அப்லோடு சரியாக ஒரு நிமிடத்தில் அறுந்தால் என்ட்ரிபாயின்ட்டின் ரீட் டைம்அவுட்டைப் பாருங்கள். மூன்றாம் பதிப்பில் அது 60 விநாடி.

இன்னொன்று: 2025 நவம்பரில் டாக்கர் 29 வந்தபோது பழைய ஏபிஐ-யில் பேசிய ட்ராஃபிக் பதிப்புகள் டாக்கரோடு பேச முடியாமல் நின்றன. ப்ராக்ஸியும் டாக்கரும் இவ்வளவு ஒட்டிக்கொண்டிருந்தால் ஒன்றைத் தூக்கும்போது மற்றதையும் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்பாச்சி என்ற வெப் சர்வர் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும் அப்பாச்சி. புதிதாக அதைக் கொண்டுவரக் காரணமில்லை.

டன்னலும் விபிஎஸ்ஸும்

சிஜிநாட் வீட்டில் பலரும் போய்ச் சேரும் இடம் கிளவுட்ஃப்ளேர் டன்னல். வீட்டிலிருந்து வெளியே செல்லும் இணைப்பு மட்டுமே, ரூட்டரில் எதையும் தொட வேண்டாம். டொமைனின் நேம்சர்வர் மட்டும் அவர்களிடம் இருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். விலை வேறு விதமாக வரும். எச்டிடிபிஎஸ் பூட்டு அவர்கள் சர்வரில் திறக்கப்பட்டு மறுபடி பூட்டப்படுகிறது. வீட்டு விளக்குக்கு அது பொருட்டில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கிளினிக் நோயாளிகளின் கோப்புகளை இப்படித் திறப்பதானால் யோசித்துச் செய்ய வேண்டிய விஷயம். இலவசத் திட்டத்தில் ஒரு கோரிக்கையின் அப்லோடு 100 எம்பிக்கு மேல் போகாது. இம்மிச்சில் படங்கள் ஏறும், நீண்ட வீடியோக்கள் மட்டும் ஏறாமல் நிற்கும். வீட்டு வைஃபையில் இருக்கும்போது உள்ளூர் முகவரிக்குத் தானாக மாறிக்கொள்ளும் வசதி இம்மிச் ஆப்பில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் வீடியோக்கள் வீட்டுக்கு வந்ததும் ஏறிவிடும். 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃப்ளேர் உலகளவில் தடுமாறியது போன்ற நாட்களில் உங்கள் வீட்டு லைன் நன்றாக இருந்தும் தளம் திறக்காது.

தரவு யார் கண்ணிலும் படக் கூடாது, அதே சமயம் பொது முகவரியும் வேண்டும் என்றால் சென்னையிலோ மும்பையிலோ பெங்களூருவிலோ ஒரு சிறிய விபிஎஸ். வீட்டுப் பெட்டி அதற்கு வயர்கார்டு போடும், பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 விநாடி, இல்லையென்றால் நாட் அந்த வழியை மறந்துவிடும். கேடியை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விபிஎஸ்ஸில் வைத்தால் பூட்டு அங்கே திறக்கும். விபிஎஸ் 443-இல் வருவதை அப்படியே டிசிபி மட்டத்தில் வீட்டுக்குத் தள்ளி, வீட்டில் கேடி பூட்டைத் திறந்தால் விபிஎஸ் நிறுவனம் பார்க்கக்கூடியது வந்தவரின் ஐபி, டொமைன் பெயர், பைட் எண்ணிக்கை இவைதான். வந்தவரின் உண்மையான ஐபி வீட்டிலும் வேண்டுமானால் ப்ராக்ஸி ப்ரோட்டோகால் என்பதை இரு பக்கமும் ஆன் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஆன் செய்தால் எந்த இணைப்பும் நிற்காது.

இதில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) ஒரு கண்ணி. வயர்கார்டின் இயல்பு 1420. அது 1500 பைட் லைனுக்குக் கணக்கிட்டது. பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல்லோடு லைனில் நுழையும் முறை) வழியாக வரும் ஃபைபரில் 1492-தான் கிடைக்கும். வயர்கார்டு ஐபிவி6 வழியாகப் போனால் அதில் 80 கழிய 1412 என்று வைக்க வேண்டும். அறிகுறி தெளிவானது: லாகின் பக்கம் உடனே வரும், படங்கள் பாதியில் உறைந்து நிற்கும், பிங் மட்டும் எப்போதும் ஜோராக ஓடும்.

எதைத் தேர்ந்தாலும் வரும் தொல்லைகள்

ப்ராக்ஸி கன்டெய்னருக்குள் இருந்துகொண்டு 127.0.0.1:2283 என்று எழுதினால் 502 வரும். அந்த முகவரி அந்த கன்டெய்னரையே குறிக்கும், பெட்டியை அல்ல. இரண்டையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் போட்டு கன்டெய்னர் பெயரை எழுதுங்கள். போர்ட்டும் கன்டெய்னருக்கு உள்ளே இருக்கும் போர்ட்: ஓப்பன் வெப்யுஐ வெளியில் 3000 என்றாலும் உள்ளே 8080.

ப்ராக்ஸி பெட்டியிலேயே நேராக ஓடினால் சேவைகளின் போர்ட்டை 127.0.0.1 என்ற முன்னொட்டோடு வெளியிடுங்கள். வெறும் 2283:2283 என்று எழுதினால் எல்லா முகவரியிலும் திறக்கும். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் அடைத்திருக்கிறேனே என்று நினைக்காதீர்கள். டாக்கர் தன் ஐபிடேபிள்ஸ் விதிகளைத் தானே எழுதிக்கொள்ளும், யுஎஃப்டபிள்யூ-வைக் கேட்காது. பொது ஐபிவி6 உள்ள வீட்டிலும் விபிஎஸ்ஸிலும் இது உண்மையான ஓட்டை.

ஹோம் அசிஸ்டென்ட் 400 என்று துப்பினால், ப்ராக்ஸியை அது நம்பவில்லை. அதன் எச்டிடிபி பகுதியில் ஃபார்வர்டட் ஹெடரை ஏற்பதாகவும், டிரஸ்டட் ப்ராக்ஸிஸ் பட்டியலில் ப்ராக்ஸியின் முகவரியையும் எழுத வேண்டும். கன்டெய்னரின் ஒற்றை ஐபியை எழுதினால் அடுத்த ரீஸ்டார்ட்டில் மாறலாம். டாக்கர் நெட்வொர்க்கின் வரம்பை எழுதுங்கள், 172.18.0.0/16 போல. கோப்புகளைச் சேமிக்கும் நெக்ஸ்ட்கிளவுடுக்கும் இதே கதை, கூடவே ஓவர்ரைட் ப்ரோட்டோகாலை எச்டிடிபிஎஸ் என்று வைக்க வேண்டும்.

ஒவ்வொரு சேவைக்கும் ஒரு துணை டொமைன் கொடுங்கள். ஒரே டொமைனில் சாய்கோட்டுக்குப் பின் படம், வீடு என்று பிரிப்பது அழகாகத் தெரியும், ஆனால் ஹோம் அசிஸ்டென்டும் இம்மிச்சும் அப்படி ஓட ஒத்துக்கொள்ளாது. துணை டொமைன் யாருக்கும் தெரியாது என்று நம்ப வேண்டாம். வாங்கும் ஒவ்வொரு சான்றிதழின் பெயரும் பொதுப் பதிவேட்டில் ஏறுகிறது, சில நிமிடங்களில் தானியங்கித் தேடல்கள் வந்து தட்டும். பெயர்களை மறைக்க வேண்டுமானால் வைல்டுகார்டு.

கூடுதல் பூட்டாக ப்ராக்ஸியில் பேசிக் ஆத் (பக்கம் திறக்கும் முன் பெயரும் கடவுச்சொல்லும் கேட்பது) போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது பயன்படுத்தும் ஆதரைசேஷன் ஹெடரையேதான் பல சேவைகளின் மொபைல் ஆப்பும் தன் டோக்கனுக்குப் பயன்படுத்துகிறது. இரண்டும் மோதினால் லாகின் சுற்றிச் சுற்றி வரும். பிரவுசரில் மட்டும் திறக்கும் நிர்வாகப் பக்கங்களுக்கு பேசிக் ஆத் சரி. இம்மிச்சுக்கும் ஹோம் அசிஸ்டென்டுக்கும் வேண்டாம், ஹோம் அசிஸ்டென்டில் அதன் சொந்த இரு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

மொபைல் டேட்டாவில் திறக்கிறது, வீட்டு வைஃபையில் மட்டும் திறக்கவில்லையா? ரூட்டருக்கு ஹேர்பின் நாட் (உள்ளிருந்து தன் வெளி முகவரிக்கே திரும்பி வருவது) தெரியவில்லை. வீட்டுக்குள் டிஎன்எஸ் சர்வராக ஒரு பை-ஹோலோ ஆட்கார்டு ஹோமோ வைத்து, அதே டொமைனுக்கு 192.168 முகவரியைச் சொல்ல வையுங்கள். சில ஃபோன்கள் ப்ரைவேட் டிஎன்எஸ் அமைப்பால் அதைத் தாண்டிப் போய்விடும், அந்த ஃபோனில் அதை அணைக்க வேண்டும்.

பிறகு நம் ஊர் மழைக்காலம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. 2011-இல் தானே புயலுக்குப் பின் கடலூரில் பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எனவே சர்வர், ரூட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் ஒரே இன்வெர்ட்டரில் இருக்கட்டும். ஃபைபர் பெட்டி மட்டும் வேறு ப்ளக்கில் இருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். கன்டெய்னர்களுக்கு அன்லெஸ் ஸ்டாப்டு என்ற ரீஸ்டார்ட் விதி கொடுங்கள். பயாஸில் மின்சாரம் வந்ததும் தானே எழும் அமைப்பை ஆன் செய்யுங்கள். மினி பிசிகள் பலவற்றில் அது அணைந்தே வரும்.

ராஸ்பெர்ரி பை 4-லும் அதற்கு முந்தையவற்றிலும் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. 5-இல் உண்டு, ஆனால் அதற்கான பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும். இரண்டு நாள் இருட்டுக்குப் பின் எழும் பை, தான் அணைந்த நேரத்திலிருந்து தொடரும். என்டிபி வழியாக நேரம் கேட்க அது ஒரு பெயரைத் தேடும். அந்தத் தேடல் அதே பையில் ஓடும் டிஎன்எஸ்-க்குப் போகும். அங்கே டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில்களின் கையொப்பத்தைப் பார்ப்பது) சரிபார்ப்பு ஆனில் இருந்தால் தவறான கடிகாரத்தை வைத்துக்கொண்டு அது கையொப்பங்களை மறுக்கலாம். பெயர் கிடைக்காததால் நேரம் கிடைக்காது, நேரம் கிடைக்காததால் பெயர் கிடைக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது, இரு படிக் குறியீட்டைச் சரியாகப் போட்டும் உள்ளே விடவில்லை, சான்றிதழும் புதுப்பிக்கவில்லை என்பது மட்டும்தான். டைம்சின்க் அமைப்பில் என்டிபி சர்வர்களில் ஒன்றையாவது பெயராக இல்லாமல் ஐபி எண்ணாக எழுதி வைத்தால் இந்த முடிச்சு விழாது.